கயிற்றின் மறுமுனையில் மச்சான்

என் வீட்டுக் குசினிக்குப் பின்னால், தென்னோலைக் கிடுகு இறக்கிய தாழ்வாரத்தில், ஓர் ஆணியில் பழைய தேங்காய்த் தும்புக் கயிறு ஒன்று தொங்குகிறது. அதன் ஒரு முனை உப்பேறி விறைத்துப்போயிருக்கும். மறுமுனை என் உள்ளங்கை பட்டுப்பட்டு வழுவழுத்துக் கறுத்துக் கிடக்கும். போன கிழமை வீடு கூட்டிக்கொண்டு வந்த மருமகள் அதைப் பார்த்து, "மாமா, இந்த இத்துப்போன கயிறை எறிஞ்சா என்ன? ஆடு கட்டவும் உதவாது" என்றாள். "எறி பிள்ளை, என்னையும் சேர்த்து எறி" என்று சொல்லிவிட்டேன். அன்றைய பின்னேரத் தேத்தண்ணியில் சீனி குறைவாக இருந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நைலோன் கயிறு வந்த பிறகு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தும்புக் கயிறு பேசும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அந்தக் கயிற்றின் உப்பேறிய முனை என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் தங்கச்சியின் புருஷன். மன்னார்க் கரையில், தாழ்வுபாடு என்ற ஊரில், ஒரே கோயில் மணிக்கு எழும்பி, ஒரே கரையில் வள்ளம் தள்ளி வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கடலடியில் சிப்பி நன்றாக விளைந்திருக்கிறது என்று அரசாங்கம் கண்டால் அந்த வருடம் முத்துக்குளிப்பு அறிவிக்கும். அதைச் சலாபம் என்போம். சலாபத்தில் மச்சான் குளிக்கிறவன், நான் அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன். அந்தக் கயிற்றைக் கண்டவன் கையிலும் கொடுக்கமாட்டார்கள். பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். தகப்பன் பிடித்தால் வயதுக்குக் கண்ணயர்ந்துவிடுவார். அண்ணன் தம்பிக்குள் காணி பூமி என்று ஏதாவது மனக்கசப்பு இருக்கும். தன் தங்கச்சி தாலி அறுக்கக்கூடாது என்று நினைக்கிறவன் மட்டும் எது வந்தாலும் கையை விடமாட்டான் என்பது பழைய ஆட்களின் கணக்கு. மச்சான் இதைச் சொல்லியே என்னைச் சீண்டுவான். "நீ எனக்காகவோ இழுக்கிறாய்? உன்ர தங்கச்சிக்காகத்தானே." "பின்னை, உன்ர மூஞ்சிக்காக ஆர் இழுப்பான்?" என்பேன் நான். மச்சான்மார் அப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும். மரியாதையாகப் பேசினால் இரண்டு வீட்டுக்கும் ஏதோ பகை என்று ஊர் நினைத்துவிடும்.

மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் கரையில் ஓலைக் குடிசைகளாக வாடிகள் போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டணம் எழும்பிவிடும். எங்கெங்கிருந்தோ குளிகாரர் வருவார்கள், சிலாவத்துறையிலிருந்து வியாபாரிகள் வருவார்கள். அழுகும் சிப்பியின் நாற்றமும் அதில் மொய்க்கிற இலையானும் சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் போகும். காலையில் சுறாவின் வாயைக் கட்டுகிற மனிதர் மந்திரத்தை முடிக்கும்வரை ஒருவனும் தண்ணீரில் இறங்கமாட்டான். சிலுவை போட்டுக்கொள்கிற நாங்களும்தான். பிறகு மச்சான் இடுப்பில் கயிறோடு, ஆழத்துக்கு இறக்குகிற கல்லில் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவான். அதன்பிறகு எனக்கு அவன் முகமும் இல்லை, குரலும் இல்லை, கயிறு மட்டும்தான். மெல்ல ஓர் இழுப்பு வந்தால், கடலடித் தரைக்கு வந்துவிட்டேன், என்னை இப்போது விடு என்று பொருள். பலமாக இரண்டு இழுப்பு வந்தால், மூச்சு முடிகிறது, தூக்கு. அந்த முதல் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் கயிறு பிடிக்கிறவன் யாரோடும் பேசக்கூடாது, எச்சில்கூட விழுங்க மறந்துபோவான். அப்படி எத்தனை தரம் அவனை மேலே கொண்டுவந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மேலே வந்ததும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு பெரிய மூச்சு எடுத்து, "ஏன் மச்சான் இவ்வளவு நேரம்?" என்று கேட்பான். நான் இமைக்கும் நேரம்கூடச் சுணங்கியிருக்கமாட்டேன். ஆனாலும் கேட்பான்.

ஒரு வருடச் சலாபத்தின் கடைசி நாட்களில்தான் முதன்முதலில் சொன்னான், தண்ணீருக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று. குளிகாரருக்குக் காது இரைவது புதினமில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுக்கொள் என்றார்கள். ஊருக்குத் திரும்பி, கடலில் கால் வைக்காமல் பல நாள் போன பிறகும் அந்தக் குரல் போகவில்லை. ஒன்று இரண்டானது. ஒரு குரல் அவன் செய்கிற ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வரும்: இதோ கை கழுவுகிறான், இதோ சோற்றில் கை வைக்கிறான், அந்தச் சோற்றை நம்பித் தின்கிறான் பார். மற்றது ஓர் ஆணின் குரல். சலாபக் கரையில் பின்னேரங்களில் சிப்பிக் குவியலை ஏலம் கூறுவார்களே, அந்த ஏலக்காரனின் குரல் போல இருக்கும் என்றான். அது சிப்பியை விற்கவில்லை, அவனையே கூவி விற்றது. மச்சான் சாப்பாட்டைக் குறைத்தான். வலை முடிகிற கை பாதியில் நின்றுவிடும். எங்கள் ஊரிலேயே அதிகம் வாய் அடிக்கிறவன், யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவனானான். பிறகு அதுவும் இல்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. மருந்துத் தண்ணி வார்த்தார்கள், கோயிலில் நேர்ந்தார்கள், ஓர் உபதேசியாரைக் கூட்டிவந்து செபம் சொல்ல வைத்தார்கள். உபதேசியார் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மச்சானின் நெற்றியில் கையை வைத்து, "ஆர் நீ? எங்கயிருந்து வந்தனீ? இந்த உடம்பை விட்டு எப்ப போவாய்?" என்று உரத்துக் கேட்டபோது, மச்சான் தனக்கு இடமும் வலமும் திரும்பிப் பார்த்தான், யாரைக் கேட்கிறார் என்று. சுற்றி நின்றவர்கள் பயந்தார்கள். அந்த மாதங்களில் எல்லாரும் அந்தக் குரல்களோடுதான் பேசினார்கள். அதட்டினார்கள், கெஞ்சினார்கள், எச்சரித்தார்கள். மச்சானோடு ஒருவரும் பேசவில்லை.

ஒரு நாள் நான் மீன் கொடுக்க மன்னார்ப் பட்டினத்துக்குப் போயிருந்த நேரம், உச்சி வெயிலில், உடுத்த உடுப்போடு அவன் கடலுக்குள் நடந்திருக்கிறான். கழுத்தளவு தண்ணீரில் வைத்துப் பிடித்துக் கொண்டுவந்து, வீட்டின் பின்பக்கத்துக் கொட்டிலில், கூரை தாங்குகிற கப்பில் கட்டிப்போட்டிருந்தார்கள். கட்டுவதற்கு அந்த அந்தர அவசரத்தில் கையில் அகப்பட்டது அவனுடைய குளிப்புக் கயிறு. நான் வந்து சேர்ந்தபோது முற்றம் நிறைந்த சனம். தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தாள். "கயிறை அறுக்கப் பாக்கிறான், இன்னும் இறுக்குங்கோ" என்று கோயில் மூப்பர் சொல்லிக்கொண்டு நின்றார். நான் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். மச்சான் கயிற்றைப் பலமாக இரண்டு தரம் இழுத்தான். நிறுத்தினான். காத்திருந்தான். மறுபடியும் பலமாக இரண்டு தரம். நிறுத்தினான்.

அறுக்க நினைக்கிறவன் ஏன் நிறுத்தப் போகிறான்? ஏன் காத்திருக்கப் போகிறான்? அந்த முற்றத்தில் சலாபத்துக்குப் போய்வந்த ஆம்பிளைகள் எத்தனையோ பேர் நின்றார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. கரையில், காய்ந்த மண்ணில் இருக்கிற மனிதன் மேலே தூக்கச் சொல்லிக் கேட்பான் என்று யார் நினைப்பார்கள்? எனக்கும் புத்தியில் தோன்றவில்லை. கைதான் முதலில் அறிந்தது. கப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்து, முனையை என் கையில் எடுத்து, வள்ளத்தில் நின்று இழுப்பதுபோலக் கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக இழுத்தேன். அவன் இடுப்பு கயிற்றோடு வந்தது. என் நெஞ்சில் வந்து முட்டியதும் ஒரு பெரிய மூச்சு எடுத்தான். "ஏன் மச்சான் இவ்வளவு நேரம்?" என்றான். நான் அழுதேன். ஊர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனால் ஊர் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டது. கடலுக்குள் நடந்தவன் நாளைக்கு வேறு எதுவும் செய்வான், பிள்ளை இருக்கிற வீடு, கொழும்புப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் சரி. ஊர் அதிகாரியான விதானையார் அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும், அரசாங்க டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்கள் கரையிலிருந்து முன்பு அப்படி அனுப்பப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் இருக்கிறாரா இல்லையா என்று அவருடைய பெண்சாதிக்கே தெரியாது. வெள்ளைச் சேலை கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த மனுசி சாயம்போன சேலையோடு திரிந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். "அவரை அனுப்ப விடாதேங்கோ அண்ணன்" என்றாள் தங்கச்சி.

அப்போதிக்கரி ஐயா கிழமைக்கு ஒருமுறை பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவார். மெலிந்த மனிதர், வெயிலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். வந்த முதல் நாளே மச்சானுக்கு முன்னால் மணலில் இருந்துவிட்டார். கதிரை கொண்டுவர ஓடிய மூப்பரை மறித்துவிட்டார். நித்திரைக்கு ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். "இதுக்குச் சரியான மருந்து என்னட்டையும் இல்லை, கொழும்பிலயும் இல்லை" என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்து விபரம் கேட்டார். சொன்னேன். "குரல் இல்லையெண்டும் அவரோட சண்டை பிடியாதையும், இருக்கெண்டும் தலையாட்டாதையும். என்ன கேக்குது, எப்ப கூடக் கேக்குது, எப்ப குறையக் கேக்குது, அதைக் கேளும். பெருநாள் முடியட்டும். அதுக்குப் பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிப்பம்" என்றார். கோயில் பெருநாளுக்கு இரண்டு மாதமளவு இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும், கச்சான் காற்று தணிகிற நேரத்தில், கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்து நிழலில் நானும் மச்சானும் இருப்போம். கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில் தளர்வாக இருக்கும், மறுமுனை என் கையில். அவனைக் கட்டி வைக்க அல்ல. குரல்களின் நெரிசலில் வாய் திறக்க முடியாமல் போகும்போது அவன் இரண்டு தரம் இழுப்பான், நான் இழுத்து, "மச்சான், நான் இஞ்சதான் இருக்கிறன், சொல்லு" என்பேன். ஐயா சொன்னபடி கேட்டேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பசித்திருந்தால் குரல் கூடும். தனியே இருந்தால் கூடும். யாராவது அவனைப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தால் கூடும். வலைக்கு முடிச்சுப் போட்டால் குறையும், கோயில் பாட்டுப் பாடினால் குறையும், தங்கச்சி தானும் அதே சட்டியில் கைவைத்துச் சாப்பிட்டால் அன்றைக்குச் சோற்றைப் பற்றிப் பேச்சே வராது. இதெல்லாம் அவனுக்குள்ளேயே கிடந்த சங்கதி. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்தது.

ஒரு பின்னேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். "ஏலக்காரன் வந்திட்டானோ?" என்றேன். "ஓம். கூவிக் கூவி நிக்கிறான். ஒருத்தரும் கேக்கிறாங்கள் இல்லை" என்றான். அவனுக்கு அதுதான் வலி என்று அப்போதுதான் விளங்கியது. விற்கப்படுவது அல்ல, கேட்பார் இல்லாமல் கிடப்பது. எனக்குச் சும்மா ஆறுதல் சொல்ல வராது. "சரி, நான் கேக்கிறன். ஒரு சுருட்டு" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "ஒரு சுருட்டோ?" "குடிச்சு மிச்சமிருக்கிற பாதிச் சுருட்டு. அதுவும் என்ர தங்கச்சியின்ர முகத்துக்காக." என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. தங்கச்சி அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடிவந்து, வாசலில் நின்று, அகப்பையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏலக்காரன் வந்தால் மச்சான், "என்னை வித்தாச்சு, நீ போ" என்று சொல்ல ஆரம்பித்தான். அடுத்த கிழமை ஐயாவிடம் நான் பயந்து பயந்து இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைக்க மறந்து சிரித்தார்.

சுகமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சுகமாகவில்லை. சில நாட்கள் காலையிலிருந்து கொட்டில் மூலையில் சுருண்டு கிடப்பான், நான் கயிற்றின் மறுமுனையில் சும்மா இருப்பேன். எனக்கும் கோபம் வரும். தொழிலை விட்டுவிட்டு இங்கே இருக்கிறேனே, இவன் ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த நாட்களும் உண்டு. ஆனால் மெல்ல மெல்ல ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டான். குரல் காலையில் தொடங்கினால், "பொறு, பின்னேரம் மச்சான் வருவான், அவன் வந்த பிறகு பேசுவம்" என்று தவணை சொல்லுவான். வியப்பு என்னவென்றால், அவையும் சில நாட்களில் பொறுத்திருந்தன. அந்த இடைவெளியில் அவன் வலை முடிந்தான், பிள்ளைக்குச் சோறு ஊட்டினான்.

பெருநாள் முடிந்து கொடி இறங்கிய மறுநாள் காலை விதானையார், மூப்பர், அப்போதிக்கரி ஐயா மூவரும் வந்தார்கள். தங்கச்சி மச்சானுக்கு வெளுத்த சாரம் கட்டிவிட்டிருந்தாள். குரல் கேட்கவில்லை என்று சொல்லு, அது மட்டும் போதும் என்று இரவெல்லாம் அவனிடம் கெஞ்சியிருக்கிறாள். கயிறு என் கையில் இருந்தது. ஐயா கேட்டார்: "இப்பவும் குரல் கேக்குதோ?"

"ஓம் ஐயா. கேக்குது. இப்பவும் கேக்குது."

தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். விதானையார் மூப்பரைப் பார்த்தார். ஐயா மட்டும் அசையாமல், "என்ன சொல்லுது?" என்றார்.

"இல்லையெண்டு சொல்லு, ஓமெண்டால் உன்னைக் கொண்டு போயிடுவாங்கள் எண்டு சொல்லுது."

"பின்னை ஏன் ஓமெண்டு சொன்னனீர்?"

"அது சொல்லுறது எல்லாத்தையும் நான் இப்ப செய்யிறேல்லை ஐயா" என்றான்.

ஐயா எழுந்து தன் வெள்ளைக் காற்சட்டையின் மணலைத் தட்டினார். "இவரை எங்கயும் அனுப்பத் தேவையில்லை" என்றார் விதானையாரிடம். கயிற்றில் ஓர் அசைவும் இல்லை. மச்சான் இழுக்கவில்லை.

பிறகு அப்போதிக்கரி ஐயாவுக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. போகும் நாளன்றும் வந்து மணலில் இருந்து பேசிவிட்டுத்தான் போனார். மச்சான் அதன்பின் முத்துக் குளிக்கவில்லை. கரைவலைக்கு வருவான், கருவாடு போடுவான், இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானான். பின்னேரத்தில் பரணடிக்கு வருவது மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. போகப் போக என் தொல்லைகளைத்தான் அதிகம் பேசினோம். என் பெண்சாதி இறந்த வருடம் முழுவதும் அவன்தான் என்னிடம் கேட்டான், எப்போது கூட இருக்கிறது, எப்போது குறைகிறது என்று. கயிறு எங்களுக்கு நடுவில் கிடக்கும். யார் எந்த முனை என்பதை அந்த நாட்களில் நான் கவனிக்கவில்லை.

மலேரியாக் காய்ச்சல் ஊரைச் சுருட்டிய வருடம் அவனையும் பிடித்தது. கடைசிப் பின்னேரம், சுவாமியார் அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு, கயிற்றை எடுத்துவரச் சொல்லிக் கையைக் காட்டினான். முனையை அவன் கையில் சுற்றிவிட்டு நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏலக்காரன் நிக்கிறானோ மச்சான்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அவன் கண் மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கயிறு அசைந்தது. நான் உசாராகி எழுந்தேன். மெல்ல ஓர் இழுப்பு. அவ்வளவுதான். தரைக்கு வந்துவிட்டேன், என்னை இப்போது விடு. நான் வாயைத் திறக்காமல், எச்சில் விழுங்காமல், தூக்கச் சொல்லும் மற்ற இழுப்புக்காகக் காத்திருந்தேன். தங்கச்சியின் அழுகை எழும்பிய பிறகும் கையை விடவில்லை. யாரோதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

இப்போது தங்கச்சியும் இல்லை. கருவாட்டுப் பரண் இருந்த இடத்தில் மகன் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறான். மச்சான் இல்லாத பின்னேரங்கள் எனக்குப் பிடிக்கவேயில்லை. இத்தனை வருடமாகியும் பழகவில்லை. என்னை ஒருவரும் பாதிச் சுருட்டுக்கும் கேட்கமாட்டார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. அவன் என்ன பதில் சொல்லுவான் என்றும் தெரியும், அவன் வாயால் கேட்க வேண்டும். நேற்று மருமகள் கயிற்றைத் தட்டி, தூசு துடைத்து, தானே என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். தேத்தண்ணியில் சீனியும் சரியாக இருந்தது. காற்று தணிந்த நேரம். வழுவழுத்த முனையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் இருந்தேன். உப்பேறிய முனை நிலத்தில் கிடந்தது. மச்சான், நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இழுக்க வேண்டியதுதான்.